ரூ.2,000 மிக்ஸியா, ரூ.9,000 ஃபுட் பிராசஸரா? வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு



மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வரி என்று பேசிக்கொண்டிருந்த சிஏ திடீரென்று மிக்ஸி பற்றி ஏன் எழுதுகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷமான பலர் தங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை என்னிடம் காட்டி, "சார், சம்பளம் எங்க போகுதுன்னே தெரியல" என்பார்கள். வாடகையும் பெட்ரோலும் எல்லாருக்கும் இருப்பதுதான். அதற்கு அடுத்த பெரிய வரி பெரும்பாலும் சாப்பாட்டு டெலிவரி. ஒரு ஆர்டர் ரூ.200 என்று வைத்து, வாரத்துக்கு 8 ஆர்டர் போட்டால் மாசம் கிட்டத்தட்ட ரூ.6,900. இதில் பாதியைக் குறைத்தாலே மாசம் ரூ.3,400-க்கு ஒரு எஸ்ஐபி போடலாம்.

"வீட்லயே சமைக்கலாம்னுதான் நினைச்சேன், ஆனா முடியல" என்பதுதான் வழக்கமான பதில். நம்ம ஊர் சமையலில் சட்னி, குழம்பு மசாலா, தேங்காய் அரைப்பு, இஞ்சி பூண்டு விழுது இல்லாமல் பாதி நாள் ஓடாது. அரைக்க ஒரு சரியான மெஷின் இல்லையென்றால் பத்தாம் நாள் மறுபடியும் ஆப்பைத் திறப்போம். மெஷின் ரொம்பப் பெரியதாக இருந்தாலும் அதே கதிதான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இந்தப் பதிவில் அஃபிலியேட் லிங்க் எதுவும் கிடையாது. "டாப் 5 மிக்ஸி" பட்டியலும் கிடையாது. மாடல்கள் ஆறு மாசத்தில் மாறிவிடும். கணக்கு போடும் முறை மாறாது. அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதல் கேள்வி: உங்கள் வீட்டில் என்ன அரைபடும்?

கடைக்குப் போனதும் "என்ன பட்ஜெட் சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நீங்களே ஒரு தாள் எடுத்து, கடந்த ரெண்டு வாரத்தில் என்ன சமைத்தீர்கள், அடுத்த மாசம் நிஜமாகவே என்ன சமைப்பீர்கள் என்று எழுதுங்கள். ஆசையை எழுத வேண்டாம். வழக்கத்தை எழுதுங்கள்.

பெரும்பாலானோர் இந்த நாலு வகைக்குள் வந்துவிடுவார்கள்.

1. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சட்னி, எப்போதாவது ஒரு மசாலா. தனியாகவோ ரூம்மேட்டுடனோ இருப்பவர்கள்.
2. தினமும் சமையல். தேங்காய், மிளகாய், மல்லி, மிளகு எல்லாம் அரைபடும். இட்லி மாவு கடையில் வாங்கிக்கொள்வார்கள்.
3. தினமும் சமையல், இட்லி தோசை மாவும் வீட்டிலேயே.
4. காலையில் ஒரு ஸ்மூத்தி அல்லது புரோட்டீன் ஷேக் மட்டும். மற்றதெல்லாம் கேன்டீன் அல்லது மெஸ்.

நாலாவது ஆளுக்கு மிக்ஸியே தேவையில்லை. டம்ளர் மாதிரி ஜாரைக் கவிழ்த்து ஓட்டும் சின்ன பர்சனல் பிளெண்டர் போதும். அதே பிளெண்டரை முதல் மூணு பேர் வாங்கினால் சிக்கல். மிருதுவான பழமும் பாலும் அடிக்கத்தான் அது செய்யப்பட்டது. காய்ந்த மஞ்சளையும் முத்தின தேங்காயையும் போட்டால் முனகும்.

இது இன்றைய பிரச்சினையும் இல்லை. வெளிநாட்டு பிளெண்டர்கள் இங்கே வந்தபோது நம் சமையலுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1960-களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர், தன் மனைவி மாதுரியின் வெளிநாட்டு மிக்ஸி பழுதானதிலிருந்து தொடங்கி, இந்திய மசாலாவுக்கு ஏற்ற மெஷின் ஒன்றை உருவாக்கினார். அதுதான் பிறகு வீடு வீடாகப் போன சுமீத் மிக்ஸி. பாட்டி வீட்டில் கேட்டுப் பாருங்கள், பெயர் தெரிந்திருக்கும். இன்று நாம் "மிக்ஸி" என்று சொல்லும் மெஷின், உலர் அரைப்பும் ஈர அரைப்பும் தாங்குவதற்கென்றே வந்த ஒன்று.

விலை வரிசை

இன்றைய நிலவரத்தில் ஏறக்குறைய விலை இப்படி இருக்கும். பிராண்ட், ஆஃபர் பொறுத்து முன்பின் ஆகும்.

• பர்சனல் பிளெண்டர்: ரூ.1,500 முதல் ரூ.3,000
• 500 வாட்ஸ் மிக்ஸி, 3 ஜார்: ரூ.1,800 முதல் ரூ.2,500
• 750 வாட்ஸ் மிக்ஸி, 3 அல்லது 4 ஜார்: ரூ.3,000 முதல் ரூ.5,000
• 1,000 வாட்ஸ் மிக்ஸி: ரூ.4,500 முதல் ரூ.7,000
• ஃபுட் பிராசஸர் (மாவு பிசைய, காய் நறுக்க, துருவ, ஜூஸ் பிழிய பெரிய கிண்ணத்தோடு): ரூ.6,000 முதல் ரூ.12,000
• 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: ரூ.4,000 முதல் ரூ.6,500

வாட்ஸ் அதிகமானால் நல்லதா?

விற்பனையாளர் முதலில் சொல்வது வாட்ஸ்தான். வாட்ஸ் என்பது மோட்டார் இழுக்கும் கரண்ட்டின் அளவு. எவ்வளவு நன்றாக அரைக்கும் என்ற மதிப்பெண் கிடையாது. பிளேடின் வடிவம், ஜாரின் அடிப்பகுதி, மோட்டாரின் தரம் எல்லாம் சேர்ந்துதான் அரைப்பு. ஆனாலும் ஒரு அடிப்படை உண்மை உண்டு: கனமான வேலைக்கு 500 வாட்ஸ் மோட்டார் சீக்கிரம் சூடாகும். 750 வாட்ஸ் அதே வேலையைத் திணறாமல் முடிக்கும்.

வகை 1-க்கு 500 போதும். வகை 2-க்கு 750. மிக்ஸியிலேயே இட்லி மாவும் அரைக்கணும், அஞ்சாறு பேர் வீட்டில் என்றால் 1,000 பற்றி யோசிக்கலாம். ரெண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 1,000 வாட்ஸ் வாங்குவது, ஆபீஸுக்கு தனியாகப் போக இன்னோவா வாங்குவது மாதிரி.

"வாட்ஸ் அதிகம்னா கரண்ட் பில் எகிறுமே?" இதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். 750 வாட்ஸ் மிக்ஸியை தினமும் 10 நிமிஷம் முழு லோடில் ஓட்டினால் 0.125 யூனிட். மாசம் 3.75 யூனிட். அதே 10 நிமிஷம் 500 வாட்ஸ் என்றால் மாசம் 2.5 யூனிட். வித்தியாசம் ஒண்ணேகால் யூனிட். ஏசி, கீசர் ஓடும் வீட்டில் இது தெரியவே தெரியாது. மிக்ஸி தேர்வில் கரண்ட் பில்லை மறந்துவிடுங்கள்.

மெஷினின் அடியில் "30 நிமிட ரேட்டிங்" என்று ஒரு வரி இருக்கும். அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கையேட்டைப் படித்தால், பெரும்பாலும் 5 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் ஓய்வு என்று சுற்று சுற்றாக அந்த 30 நிமிஷத்தைப் பிரித்திருப்பார்கள். மோட்டார் கருகும் வாசனை பல வீடுகளில் வருவதற்குக் காரணம் இந்த ஒரு வரியைப் படிக்காததுதான்.

இப்போ நிஜக் கணக்கு: ஒரு தடவை அரைக்க எவ்வளவு?

எங்கள் தொழிலில் ஒரு மெஷினின் விலையை அதன் ஆயுள் முழுக்கப் பிரித்துப் பார்ப்போம். தேய்மானம் என்று பெயர். அதையே இங்கேயும் செய்வோம். கீழே உள்ள ஆயுளும் ரிப்பேர் செலவும் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

தினசரி சமையல் வீடு. வாரத்துக்கு 5 தடவை, அதாவது வருஷத்துக்கு 260 தடவை.

• ரூ.2,000 மிக்ஸி. கடுமையான வேலையால் 3 வருஷம் உழைக்கிறது. ரிப்பேர் ரூ.600. மொத்தம் ரூ.2,600. வருஷத்துக்கு ரூ.867. ஒரு தடவைக்கு ரூ.3.33.
• ரூ.3,800 மிக்ஸி. 8 வருஷம் உழைக்கிறது. ரிப்பேர் ரூ.1,600. மொத்தம் ரூ.5,400. வருஷத்துக்கு ரூ.675. ஒரு தடவைக்கு ரூ.2.60.

பார்த்தீர்களா, விலை அதிகமான மிக்ஸிதான் இங்கே மலிவு. "சீப்பா வாங்கினா ரெண்டு செலவு"ன்னு வீட்டில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். இப்போது வாரத்துக்கு ரெண்டே தடவை, வருஷத்துக்கு 104 தடவை அரைக்கும் பேச்சிலரைப் பாருங்கள். வேலை குறைவு என்பதால் அதே ரூ.2,000 மிக்ஸி அவரிடம் 6 வருஷம் உழைக்கிறது என்று வைப்போம்.

• ரூ.2,000 மிக்ஸி: மொத்தம் ரூ.2,600. வருஷத்துக்கு ரூ.433. ஒரு தடவைக்கு ரூ.4.16.
• ரூ.3,800 மிக்ஸி: மொத்தம் ரூ.5,400. வருஷத்துக்கு ரூ.675. ஒரு தடவைக்கு ரூ.6.49.

இங்கே மலிவான மிக்ஸியே ஜெயிக்கிறது. "காசு போட்டா நல்லதா போடு" என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. எத்தனை தடவை பயன்படுத்துவீர்கள் என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கிறது. போன், பைக், வாஷிங் மெஷின் எதற்கும் இதே கணக்குதான்.

ஃபுட் பிராசஸர்: ஆசைக்கும் வழக்கத்துக்கும் நடுவில்

டெமோ வீடியோவில் 30 விநாடியில் கேரட் துருவி, வெங்காயம் நறுக்கி, சப்பாத்தி மாவு உருண்டு வரும். பார்க்கும்போது கை பரபரக்கும்.

ரூ.3,800 மிக்ஸிக்குப் பதில் ரூ.8,600-க்கு ஃபுட் பிராசஸர் வாங்குகிறீர்கள் என்றால், அந்த எக்ஸ்ட்ரா வேலைகளுக்காக நீங்கள் தருவது ரூ.4,800. 8 வருஷம் வைத்துக்கொள்வோம்.

வாரத்துக்கு மூணு நாள் சப்பாத்தி மாவு பிசைந்தால் 1,248 தடவை. ஒரு தடவைக்கு ரூ.3.85. தாராளமாக வாங்கலாம், கை வலியாவது மிச்சம்.

மாசத்துக்கு ஒரு தடவைதான் அந்தக் கிண்ணத்தை எடுப்பீர்கள் என்றால் 96 தடவை. ஒரு தடவைக்கு ரூ.50. ரூ.150-க்குக் கிடைக்கும் கயிறு இழுக்கும் சாப்பர், ஒரு நல்ல கத்தி, ஒரு துருவல், இது மூணும் அந்த வேலையைச் செய்துவிடும்.

என்னிடம் பட்ஜெட் போட வந்த ஒரு பெண், ஐடி வேலை, ஒற்றை பெட்ரூம் வாடகை வீடு. ரூ.9,000-க்கு ஃபுட் பிராசஸர், 9 மாச இஎம்ஐ. ஸ்டேட்மென்ட்டில் அந்த ரூ.1,000 இஎம்ஐக்கு மேலேயும் கீழேயும் டெலிவரி ஆப்பின் பெயர்தான் வரிசையாக நிற்கிறது. "மெஷின் இருக்கே, ஏன் சமைக்கல?" என்று கேட்டேன்.

"கிச்சன் மேடை ரெண்டரை அடிதான் சார். அடுப்பு வச்சா அது நிக்க இடமில்ல. ஒரு சட்னி அரைக்கணும்னா அட்டைப்பெட்டிய இறக்கி, அரைச்சு, கழுவி, காய வச்சு, மறுபடியும் ஏத்தணும். அதுக்கு இட்லி ஆர்டரே பண்ணிடலாம்னு தோணுது" என்றார்.

சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. அவருடைய சமையலறைக்கு அந்த மெஷின் பொருந்தவில்லை. அவ்வளவுதான். அதை ஒரு தெரிந்தவருக்கு ரூ.5,000-க்குக் கொடுத்துவிட்டு, மேடையிலேயே நிரந்தரமாக நிற்கும் ரூ.2,300 மிக்ஸி ஒன்றை வாங்கச் சொன்னேன். அடுத்த மூணு மாசத்தில் அவருடைய டெலிவரி செலவு மாசம் ரூ.7,400-லிருந்து ரூ.4,100-க்கு வந்தது. விற்றதில் நஷ்டம் ரூ.4,000 என்று பார்த்தால் வலிக்கும். ஆனால் அது எப்படியும் போன காசு. இனிமேல் போகப்போகும் காசைத்தான் நம்மால் தடுக்க முடியும்.

அதனால் கடைக்குப் போகும் முன் டேப் வைத்து மேடையை அளந்துவிடுங்கள். ப்ளக் பாயின்ட் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். வெளியே எடுத்து வைக்க இடமில்லாத மெஷினைக் கையில் எடுக்கவே மாட்டோம்.

இட்லி மாவுக்காரர்களுக்கு

மிக்ஸி பிளேடு நிமிஷத்துக்கு 18,000 சுற்று வரைக்கும்கூடச் சுற்றும். அந்த வேகத்தில் மாவு சூடாகும். உளுந்தும் கல்லில் அரைத்த மாதிரி பொங்கி வராது. ஐஸ் தண்ணி ஊற்றிச் சமாளிக்கலாம், வாரம் ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வழக்கமாக அரைப்பவர்களுக்கு கிரைண்டர்தான் சரி. மெதுவாகச் சுற்றும் கல், சூடு குறைவு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே உண்டு.

பணம் எப்போது திரும்பி வரும்? உதாரணத்துக்கு, கடை மாவு கிலோ ரூ.60. வீட்டில் அரைத்தால் அரிசி, உளுந்து, வெந்தயம், கரண்ட் எல்லாம் சேர்த்து ரூ.35. கிலோவுக்கு ரூ.25 மிச்சம். வாரம் 2 கிலோ என்றால் வருஷத்துக்கு ரூ.2,600. ரூ.5,200 கிரைண்டர் சரியாக ரெண்டு வருஷத்தில் தன் விலையை எடுத்துவிடும். வாரம் அரை கிலோதான் ஆகும் என்றால் எட்டு வருஷம். அவர்கள் பேசாமல் தெருமுனை மாவுக் கடையிலேயே வாங்கலாம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யில் காஸ்ட் எங்கே இருக்கிறது?

ரூ.4,500 மிக்ஸி. 6 மாசம், மாசம் ரூ.750. மொத்தம் அதே ரூ.4,500தானே என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கி உங்களிடம் வட்டி வாங்கவே செய்கிறது. அந்த வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கொடுத்து ஈடு செய்கிறது. ஆனால் ரெண்டு விஷயம் உங்கள் தலையில் மிஞ்சும்.

• வட்டி மேல் 18% ஜிஎஸ்டி. வருஷத்துக்கு 15% வட்டி என்றால் இந்தக் கடனில் வட்டி சுமார் ரூ.190. அதன் மேல் ஜிஎஸ்டி ரூ.34.
• ப்ராசஸிங் ஃபீஸ். ரூ.199 என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு ரூ.235.

ஆக மொத்தம் ரூ.269 அதிகம். பொருள் விலையில் 6%. "வெறும் 6%தானே" என்றால், ஆறு மாசமும் முழு ரூ.4,500 உங்களிடம் கடனாக இல்லை, மாசா மாசம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக மூணரை மாசக் கடன். வருஷக் கணக்கில் மாற்றினால் 20%-ஐ ஒட்டி வரும். பேர்சனல் லோன் ரேட்டுக்கே சவால் விடும் "இலவசக் கடன்" இது!

இதில் இன்னொரு இழப்பும் இருக்கலாம். முழுப் பணமாகக் கட்டினால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி சில சமயம் இஎம்ஐயில் கிடைக்காது. பணம் கட்டும் பக்கத்தில் ரெண்டு வழிக்கும் கடைசித் தொகை என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

என் வழி எளிது. மாசம் ரூ.750 இஎம்ஐ கட்ட முடியும் என்றால், மாசம் ரூ.750 சேர்க்கவும் முடியும். அஞ்சு மாசத்தில் ரூ.3,750. அது ஒரு நல்ல 750 வாட்ஸ் மிக்ஸி. அதுவரைக்கும் பொட்டுக்கடலை சட்னிக்குப் பதில் தக்காளித் தொக்கு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

எம்ஆர்பி, ஆஃபர், எக்ஸ்சேஞ்ச்

"எம்ஆர்பி ரூ.7,200, உங்களுக்கு ரூ.3,599, 50% ஆஃப்." எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்த்து, அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. உண்மையான விலை அது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வருஷம் முழுக்க யாருமே ரூ.7,200-க்கு வாங்காத பொருளில் பாதி விலைத் தள்ளுபடி என்பது வெறும் அலங்காரம். ஆடி, தீபாவளி, பொங்கல் ஆஃபர் வரும்போது, ஒரு மாசம் முன்பு அதே மாடல் என்ன விலை என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். அதோடு ஒப்பிட்டால் உண்மையான தள்ளுபடி தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரிலும் ஒரே கேள்வி: "பழசு இல்லாம வாங்கினா கடைசி விலை என்ன?" சில இடங்களில் எக்ஸ்சேஞ்சுக்கு ரூ.500 கொடுத்துவிட்டு, சாதாரண வாடிக்கையாளருக்குத் தரும் ரூ.400-ஐ எடுத்துவிடுவார்கள். உங்கள் பழைய மிக்ஸி ரூ.100-க்குப் போயிருக்கும்.

நிறைய பேர் கேட்பதால் ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி. மிக்ஸிக்கு ஜிஎஸ்டி 18%. 2018 ஜூலை வரை 28% இருந்தது. நீங்கள் தரும் ரூ.3,540-இல் ரூ.540 வரி. சம்பளக்காரர் வீட்டு உபயோகத்துக்கு வாங்குவதற்கு இதில் எதுவும் திரும்பக் கிடைக்காது. "ஜிஎஸ்டி இன்வாய்ஸ் வாங்கினா லாபம்" என்பது தொழில் செய்து பதிவு வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் தொழிலுக்காக வாங்கும்போது.

கடையில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

• ஐஎஸ்ஐ முத்திரை. வீட்டு மிக்ஸிக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4250. முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அது உண்மையா என்று தெரியும்.
• ஜார். 304 கிரேடு ஸ்டீல் துரு பிடிப்பது குறைவு. ஜாரைக் கையில் தூக்கிப் பாருங்கள், தகடு கெட்டியாக இருக்க வேண்டும். கைப்பிடி ஆடக் கூடாது.
• சின்ன சட்னி ஜார். தனியாக இருப்பவர் 80% வேலைக்கு இதைத்தான் எடுப்பார். பிளேடு அடியோடு ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். உயரமாக இருந்தால் ரெண்டு பேருக்கான சட்னி பிளேடுக்குக் கீழேயே தங்கிவிடும்.
• மூடியின் ரப்பர். தனியாகக் கழற்றி மாட்ட முடிகிறதா?
• அடியில் ஓவர்லோடு சுவிட்ச். மிக்ஸி திடீரென்று நின்றால் பதறி சர்வீஸ் சென்டருக்கு ஓடாமல், சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பாதிக் கேஸ் இதிலேயே தீரும்.
• கப்ளர், புஷ், பிளேடு, கார்பன் பிரஷ். எந்த மிக்ஸியிலும் முதலில் தேய்வது இவைதான். "இந்த மாடலுக்கு கப்ளர் என்ன விலை, நம்ம ஏரியாவில கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த மாடலைப் பாருங்கள். யாரும் கேள்விப்படாத ஆன்லைன் பிராண்ட் ரூ.1,500-க்குக் கிடைத்து, ஒரு கப்ளர் கிடைக்காமல் குப்பைக்குப் போனால் அதுதான் விலை உயர்ந்த மிக்ஸி.

வாரண்டி என்ற வார்த்தைக்குள்

"5 வருஷ வாரண்டி" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். சின்ன எழுத்தைப் படித்தால் மோட்டாருக்கு 5 வருஷம், மெஷினுக்கு 2 வருஷம் என்பது மாதிரி இருக்கும். ஜார், பிளேடு, கப்ளர், ரப்பர் பெரும்பாலும் வாரண்டியில் வராது. மூணாவது வருஷம் மோட்டார் போனால் மோட்டார் இலவசம், லேபர் சார்ஜ் உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ரூ.3,500 மிக்ஸிக்கு ரூ.499 கொடுத்து எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கச் சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பொருள் விலையில் 14%. அந்த ரூ.499-ஐ தனியாக வைத்தால் ஒரு கப்ளரும் ஒரு ஜார் சர்வீஸும் அதிலேயே முடியும்.

பில் கட்டாயம். அதில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள். வெப்பத்தால் அச்சாகும் பில் ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

வாரண்டி காலத்தில் சர்வீஸ் செய்ய மறுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பெரும்பாலும் 1915-க்குப் போன பிறகே போன் வந்துவிடும்.

ரூம்மேட்ஸ் சேர்ந்து வாங்கினால்

நாலு பேர் சேர்ந்து ரூ.3,600-க்கு வாங்குகிறீர்கள், ஆளுக்கு ரூ.900. ஒரு வருஷத்தில் ஒருவருக்கு பெங்களூரு டிரான்ஸ்ஃபர். "என் பங்கு?" என்று கேட்டால் சங்கடம், கேட்காவிட்டால் மனசுக்குள் வருத்தம். இதற்கு வாங்கும் அன்றே ஒரு கணக்கு பேசிவிடுங்கள். 36 மாசம் ஆயுள் என்று வையுங்கள். ஆளுக்கு மாசம் ரூ.25 தேய்மானம். 12 மாசத்தில் கிளம்புகிறவருக்கு ரூ.900-லிருந்து ரூ.300 கழித்து ரூ.600. புதிதாக வருகிறவர் அந்த ரூ.600-ஐக் கொடுத்து உள்ளே வரலாம். வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு வரி எழுதி வைத்தால் போதும். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

வாங்காமலே முடியுமா?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பீர்கள். ஊரில் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். தமிழ்நாட்டில் பல வீட்டுப் பரணில் ஒரு மிக்ஸி தூங்குகிறது. கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட்டாக இருக்கலாம், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தில் வந்ததாகவும் இருக்கலாம். கப்ளர் மாற்றி, பிளேடு சாணை பிடித்து, கார்பன் பிரஷ் போட்டால் ரூ.500 சுற்றி வரும். ஒன்றிரண்டு வருஷம் தாராளமாக ஓடும். வயர் வெடித்திருந்தாலோ, தொட்டால் ஷாக் அடித்தாலோ அதோடு விளையாட வேண்டாம்.

வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? அப்படியென்றால் ரூ.8,000-க்கு இப்போது எதுவும் வாங்காதீர்கள். கல்யாணத்தன்று மூணு மிக்ஸி வரும். நாம் கேட்காவிட்டாலும் சித்தப்பா ஒன்று, ஆபீஸ் நண்பர்கள் ஒன்று. அதுவரைக்கும் ரூ.2,000-க்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக

• பரணில் மிக்ஸி இருக்கிறதா: சர்வீஸ் செய்து எடுத்து வாருங்கள். ரூ.500.
• ஷேக் மட்டும்: பர்சனல் பிளெண்டர்.
• வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்: 500 வாட்ஸ், தெரிந்த பிராண்ட், ரூ.2,500-க்குள்.
• தினசரி சமையல்: 750 வாட்ஸ், 304 ஸ்டீல் ஜார், ரூ.3,000 முதல் ரூ.4,500.
• வாரம் 2 கிலோவுக்கு மேல் மாவு: மேலே சொன்ன மிக்ஸியோடு ஒரு 2 லிட்டர் கிரைண்டர். ரெண்டையும் ஒரே மாசத்தில் வாங்க வேண்டாம்.
• ஃபுட் பிராசஸர்: வாரத்துக்கு மூணு தடவை மாவு பிசைவதும் நறுக்குவதும் நிஜமாகவே நடக்கும், மேடையில் இடமும் இருக்கிறது என்றால் மட்டும்.

இந்த வார இறுதியில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கடந்த மாச ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, டெலிவரி ஆர்டர்களை மட்டும் கூட்டுங்கள். அதில் எத்தனை ஆர்டர் "அரைக்க எதுவும் இல்லை" என்பதால் வந்தது என்று டிக் அடியுங்கள். அந்த டிக்குகளின் மொத்தத் தொகைதான் உங்கள் மிக்ஸி பட்ஜெட். ரெண்டு மூணு மாச டிக்குகளிலேயே மெஷினின் விலை திரும்ப வந்துவிடும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தடவைக் கணக்கை எக்செல்லில் எப்படிப் போடுவது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். அங்கே சந்திப்போம்!